அம்மா வழியில் உட்காரமாட்டாள்

அம்மாவுக்கு உட்காரவே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் உட்காருவாள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்காருவாள். கம்பெனி முற்றத்தில் பழைய இரும்பைப் பொறுக்கிப் பிரிக்கும்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்திய இடத்திலேயே இருப்பாள். போகிற வழியில்தான் உட்காரமாட்டாள். மற்றவர்கள் உட்கார்ந்தாலும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பொன்னேரிச் சந்தையிலிருந்து சுமையோடு திரும்பும்போது கூட வந்தவள் யாராவது கால் வலிக்கிறது என்று மரத்தடியில் சாய்ந்துவிட்டால் போதும். முன்னால் போய்விட்ட அம்மா, தலைச்சுமையோடு திரும்பி வந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்குவாள்.

"எய்ந்திரு. நட. ஊட்ல போயி குந்து."

தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. ஒருமுறை வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த தபால்காரரையே எழுப்பி நடக்கவிட்டாள். அவர் பேஜாராகிப்போய் என் நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) வந்து முறையிட்டார். நைனா அப்போது நாற்று முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சில பேருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது சார். இவளுக்கு வழியில குந்தறது ஒத்துக்காது. நீங்க நடந்துகினே பீடி புடிங்களேன்."

அம்மாவைப் பற்றி நைனா சொன்ன வைத்தியக் குறிப்பு அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் அலையாத இடமில்லை என்று பிறகு தெரிந்தது. தர்காவில் தாயத்துக் கட்டியாயிற்று. அம்மனுக்குக் கூழ் ஊற்றியாயிற்று. பக்கத்துச் சேரியில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் எண்ணெய் கொடுத்தார்கள், அதையும் தடவியாயிற்று. ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிவப்பு மிக்சர் கொடுத்தார்கள். அம்மா எல்லாவற்றையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டாள். வழியில் மட்டும் உட்காரவில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் என்று நினைக்கிறேன். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் பாசஞ்சரில் வந்துகொண்டிருந்தோம். கவரப்பேட்டைக்கு இந்தப் பக்கம் சிக்னல் விழாமல் வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் வயல். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை இடுப்பில் பிடித்து இறக்கி, தண்டவாளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். கரி எஞ்சினைத் தாண்டும்போது டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அவசரமா?" என்றார். "நீ குந்திக்கினு இரு, நாங்க போறோம்" என்றாள் அம்மா. பாதி தூரத்தில் அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாம் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

ஊரில் அவளுக்கு ரங்கூன்காரி என்று பெயர். வம்புக்காரர்கள், பைத்திய ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தைச் சொல்லி, கீழ்ப்பாக்கம் கேஸு என்பார்கள். அம்மாவின் அப்பா ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். அந்த ஊரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அம்மா சின்னப் பெண். மலையும் காடும் தாண்டி அஸாமுக்கு நடந்தே வந்தவர்களில் அவர்களும் உண்டு. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்குமேல் கேட்டால், "நடந்தோம், வந்தோம்" என்று முடித்துவிடுவாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தொழிற்பயிற்சியும் முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தேன். படித்தவனுக்கு எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் பதில் இருக்கும் என்ற நம்பிக்கை இருக்குமல்லவா, எனக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து தேடுவேன். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்குத் தூக்கம் கெடும், சத்தம் கேட்டால் உடம்பு உதறும், வருஷக்கணக்காக மனசு அங்கேயே நிற்கும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். சிப்பாய், சிப்பாய் என்றே கடைசி வரை போனது. என் அம்மா எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. நடந்து மட்டும் வந்தவளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பட்டறைக்கு நேர் எதிரே இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கிற ஒரு கம்பெனி. லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். தகரம், சங்கிலி, உடைந்த சைக்கிள், டின் எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பிரித்துப் போடுவது பெண்களின் வேலை. கம்பெனி ஆட்கள் இல்லை அவர்கள், மேஸ்திரியின் ஆட்கள். நேற்றுவரை நாற்று நட்டவர்களும், பழவேற்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த மீன்காரப் பெண்களும் அதில் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

அங்கே புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்குத் தகரம் கிழித்து உள்ளங்கை பிளந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கைக்கு உறை கொடுக்கக்கூடாதா என்று மேஸ்திரியைக் கேட்டாள். நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே பெண்கள் கூடிப் பேசினார்கள். அவளைத் திரும்பச் சேர்க்கிற வரைக்கும் கேட்டுக்கு முன்னால் உட்காருவது, ஒரு லாரியும் உள்ளே போகக்கூடாது என்று முடிவானது. முன்னால் நின்றவள் பழவேற்காட்டுக்காரி. அவள் குரல் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும். அம்மாவும் சரி என்று தலையாட்டினாள். அட்டைகளில் எழுதித் தரும் வேலை எனக்கு. 'நீதி கிடைக்கும் வரை அமர்ந்திருப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்த வாசகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அம்மா எப்படி ரோட்டில் உட்காருவாள் என்ற யோசனையே வரவில்லை.

மறுநாள் காலை லேத்தை ஓட்டிக்கொண்டே எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையாக ரோட்டில் உட்கார்ந்தார்கள். அம்மா நின்றாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா முழங்காலை மடக்கினாள், ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அதற்குமேல் உடம்பு இறங்கவில்லை. விருட்டென்று நிமிர்ந்தாள். பிறகு, முன்னால் இருந்தவள் முழங்கையைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்தாள். அவளை விட்டு அடுத்தவள். அவளை விட்டு அதற்கடுத்தவள்.

"எய்ந்திருங்கடி. நடங்க. இங்க குந்தாதீங்க."

கேட்டுக்கு உள்ளே நின்ற மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தான். "பாருங்கடி, உங்க ஆளே உங்கள எயுப்புறா. ரங்கூன்காரிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்ல."

பழவேற்காட்டுக்காரி எழுந்துவிட்டாள். "யக்கா, மேஸ்திரி சொல்லிக் குடுத்து அனுப்பினானா உன்ன?"

அந்தக் களேபரத்தில் ஒரு லாரி உள்ளே நுழைந்துவிட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுவதற்குள் அம்மா வீட்டுப் பக்கம் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கான்ஸ்டபிள் வந்து, ரோட்டில் உட்கார்ந்து வழியை மறித்தால் கேஸ், வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் அட்டைகளை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அம்மா அந்த வேலையை விட்டாலும் வேறு வேலை கிடைக்கும். ஆனால் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டால், கிணற்றடியிலும் கடையிலும் கல்யாணத்திலும் அந்தப் பெயர்தான் கூட வரும். கீழ்ப்பாக்கம் என்பதைவிட அது கொடுமை.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழவேற்காட்டுக்காரி, கை கிழிந்த பெண், இன்னும் சில பேர். நைனா பாயை விரித்தார். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேரா கேக்குறேன்க்கா" என்றாள் பழவேற்காட்டுக்காரி. "மேஸ்திரி பக்கமா, எங்க பக்கமா?"

"உங்க பக்கம்."

"அப்ப ஏன் எயுப்புன?"

அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு" என்றாள் அவரிடம். பிறகு அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரங்கூன்ல குண்டு வுய்ந்துச்சு. எல்லாரும் நடந்தாங்க, நாங்களும் நடந்தோம். எனக்குப் பத்து வயசு இருக்கும். மலையில ஒத்தையடிப் பாதை. அதுல ரெண்டு பக்கமும் ஜனங்க குந்திக்கினு இருப்பாங்க. சாஞ்சிக்கினு, கண்ணைத் தொறந்துகினு. கிட்டப் போனாதான் தெரியும், உசுரு இல்லைன்னு. எங்கம்மாவுக்கு வயித்துல ஒண்ணு இருந்துச்சு. செத்த குந்திட்டு வரேன், நீங்க போய்க்கினே இருங்கன்னுச்சு. நான் திரும்பி ஓடி கையப் புடிச்சி இஸ்தேன். எனக்குத் தூக்க முடியல. எங்கப்பன் என்னைத் தோள்ள போட்டுக்கினு நடந்துச்சு. பின்னால பாத்துக்கினே வந்தேன். ரொம்ப தூரத்துக்குத் தெரிஞ்சுது."

முறத்தை ஒருமுறை தட்டினாள். "வழியில யாராவது குந்தினா எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது. தெரியுது, இது கும்மிடிப்பூண்டின்னு. தெரிஞ்சி இன்னா பண்றது. கை தானா தூக்கப் போயிடுது."

அவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டதில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

வந்தவர்களில் யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பழவேற்காட்டுக்காரிதான் பேசினாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஒரு தபா புயல்ல மாட்டிக்கினு, கவுந்த படகைப் புடிச்சிக்கினு ரா முச்சூடும் கெடந்தவரு. இன்னிக்கும் ஏரிக்குப் போறாரு. ஆனா சோத்துல தண்ணி ஊத்தினா துன்ன மாட்டாரு. பழைய சோறு கண்டா எய்ந்து போயிடுவாரு. நானும் வருஷக்கணக்கா தெனமும் புதுசா வடிச்சிக் கொட்டிக்கினு கீறேன்." பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. நாளைக்கு யாரும் குந்த வேணாம். நடப்போம்."

"நடந்தா அது ஊர்கோலம்டி" என்றாள் ஒருத்தி.

"இன்னாவா வேணா இருக்கட்டும். லாரி உள்ள போவக்கூடாது, அவ்ளோதானே? கேட்டுக்கு இந்தக் கம்பத்துலேர்ந்து அந்தக் கம்பத்துக்கு சுத்தி சுத்தி நடந்தா எவன் வண்டிய வுடுவான்? குந்தினாதான் கேஸுன்னு போலீஸ்காரன் சொன்னான். நடந்தா கேஸுன்னு சொன்னானா?"

என் பக்கம் திரும்பினாள். "நீ அட்டையில இன்னா எய்தின, தம்பி?"

சொன்னேன்.

"யாரு அமர்ந்திருக்கா இப்ப? அத்த மாத்து."

'அமர்ந்திருப்போம்' என்பதை அடித்துவிட்டு 'நடப்போம்' என்று எழுதினேன். எல்லா அட்டையிலும் அந்த அடித்தல் அசிங்கமாகத் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த வாரம் முழுக்க நடந்தார்கள். அம்மாதான் முன்னால். அவள் நடைக்கு மற்றவர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. "யக்கா, அஸாமுக்கா போறோம்? மெதுவா போக்கா" என்று பின்னாலிருந்து குரல் வரும். அம்மாவே சிரித்துவிடுவாள். அந்த மலைப்பாதையை வைத்து அவளிடம் ஒருவர் கேலி பேசியதும், அவள் அதற்குச் சிரித்ததும் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். களைத்தவர்கள் எதிரே இருந்த டீக்கடைக்குள் போய் பெஞ்சில் உட்காரலாம் என்று ஏற்பாடு. கடைக்குள் உட்கார்ந்தால் அது வழியில் சேராது. இதை அம்மாவிடம் கேட்டே முடிவு செய்திருந்தார்கள். கடைக்காரர்தான் முனகிக்கொண்டிருந்தார். "டீ குடிக்காம இவ்ளோ பேரு குந்தினா என் பெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்?"

வாரக் கடைசியில் நல்ல வெயில். கை கிழிந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. வரவேண்டாம் என்று சொல்லியும், எனக்காகத்தானே நடக்கிறீர்கள் என்று வந்துவிட்டாள். நடுப்பகலில், கேட்டுக்கு நேர் முன்னால், கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வட்டம் நின்றுவிட்டது. வெளியே வரிசையில் இருந்த முதல் லாரி உறுமியது. மேஸ்திரி கேட்டைத் திறந்துவிட்டுக் கையை ஆட்டினான், வா வா என்று. நான் அப்போது கடையில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

"எய்ந்திரு கண்ணு."

"முடியலக்கா. நீங்க போங்க. நான் செத்த…"

பழவேற்காட்டுக்காரி பாய்ந்து வந்து அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தினாள். "சொல்லாதடி. அத்த மட்டும் சொல்லாத."

அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் துணி மாதிரி தொய்ந்தாள். அம்மா குனிந்தாள். ஒரு கையை முதுகுக்குக் கீழும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்து, மூட்டை தூக்குகிறவர்கள் தூக்குவதுபோல ஒரே மூச்சில் எழுந்தாள். நேராகக் கடைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. அந்தக் கம்பம் வரைக்கும் நடந்தாள். அங்கே திரும்பி, லாரியின் மூக்குக்கு முன்னால் அவளைச் சுமந்துகொண்டு நடந்தாள். பின்னால் ஒருத்தி நடந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். வட்டம் முழுசாகத் திரும்பிய பிறகுதான் அம்மா ரோட்டைத் தாண்டி வந்து அந்தப் பெண்ணைப் பெஞ்சில் கிடத்தினாள். நான் கிளாஸை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தேன். அம்மா அதை வாங்கி அந்தப் பெண்ணின் வாயில் ஊற்றினாள். "புள்ள வெயிட்டே இல்ல" என்றாள் என்னிடம். "ஒண்ணுமே வெயிட்டு இல்ல."

லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டான். ஏன்டா நிறுத்தினாய் என்று மேஸ்திரி கத்தினான்.

"பொம்பளைங்க நடந்துகினு கீறாங்க இல்ல. அவங்க மேலேயா ஏத்தச் சொல்ற? நீ வந்து ஓட்டு."

லாரிகள் ரோட்டில் நீளத்துக்கு நின்றுவிட்டன. உலைக்குப் போட இரும்பு இல்லை என்று உள்ளேயிருந்து ஆள் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பேசினார். கை கிழிந்தவளைச் சேர்த்துக்கொண்டார்கள். உறைகளும் வந்தன. ஆம்பிளைக் கைக்குத் தைத்த கித்தான் உறைகள், பெண்கள் போட்டால் விரல் நுனி தொங்கும். முற்றத்துக்குக் கூரை கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். இதை எழுதுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதோடு அம்மா குணமாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். அந்த நாளுக்குப் பிறகு பல நாள் காய்ச்சலில் கிடந்தாள். தூக்கத்தில் யாரையோ கூப்பிட்டாள். நைனா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய அன்றே, எங்கள் தெருமுனையில் சைக்கிளை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஐஸ்காரனை எழுப்பிவிட்டாள். அது போகாது. முப்பது வருஷமாக உடம்போடு ஒட்டிக்கொண்டது ஒரு வாரத்தில் போகுமா? ஆனால் அந்தக் கட்டுரை எழுதியவரை நான் எங்கேயாவது பார்த்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் அம்மாவை மாற்றப் பார்க்காமல் தங்கள் போராட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லுவேன். தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவேன்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் அந்தப் பெண்கள் சங்கம் வைத்தார்கள். முதல் கூட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு தலைவரை அழைத்திருந்தோம். வரவேற்புரை நான். கம்பெனிக்கும் ரயில்வே லைனுக்கும் நடுவே இருந்த மைதானத்தில் கூட்டம். பெண்கள் வந்து சேர்ந்ததும் பழவேற்காட்டுக்காரி அம்மாவிடம் போனாள்.

"யக்கா, இது வழியா, ஊடா? நீயே சொல்லு."

அம்மா சுற்றிப் பார்த்தாள். மைதானத்தின் குறுக்கே ஸ்டேஷனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருந்தது. யோசித்தாள்.

"வழிதான்" என்றாள்.

"சரி, யாரும் குந்தாதீங்கடி" என்று பழவேற்காட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

நான் வரவேற்புரையைப் படித்து முடித்தேன். தலைவர் எழுந்து, எல்லோரும் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். ஒருவரும் அசையவில்லை. "நீங்க பேசுங்கய்யா, நாங்க நின்னுகினே கேக்குறோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் குனிந்து, "இன்னாப்பா தம்பி, மரியாதைக்கா நிக்கிறாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

முதல் வரிசையில் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் கை கிழிந்த பெண், அந்தப் பக்கம் பழவேற்காட்டுக்காரி.

"ஆமாங்கய்யா, மரியாதைக்குத்தான்" என்றேன்.

தனக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் ரொம்பச் சந்தோஷமாகப் பேசினார். நான் திருத்தவில்லை.